பாதியில் எழக்கூடாத விருந்து

அந்தப் பல்கலைக்கழகத்தில் சுற்றுலா, விருந்தோம்பல் துறையைத் தொடங்கிய புதிதில் அது என்ன படிப்பு என்று சுற்றுவட்டாரத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. "ஊர் சுத்தறதுக்கு ஒரு படிப்புங்களா? அதுக்கு ஃபீஸ் வேறயா?" என்று கேட்டுவிட்டு, பிள்ளையைக் கையோடு இன்ஜினியரிங் பக்கம் இழுத்துப் போனவர்கள்தான் அதிகம். கோகிலவாணி அப்போது புது லெக்சரர். யாருக்கும் வேண்டாத துறையை அவள்தான் கட்டிக்கொண்டு அழுதாள். கோழிப்பண்ணைக் கூலிகள், குமாரபாளையத்துத் தறிக்காரர்கள், லாரிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளாகத் தேடிப் பிடித்து வந்து, கோட்டு மாட்டிவிட்டு, துபாய் வரைக்கும் வேலைக்கு அனுப்பினாள்.

பெற்றோர் விருந்து அவள் யோசனைதான். கடைசி வருடப் பிள்ளைகளுக்கு அதுவே செய்முறைத் தேர்வு. பயிற்சி உணவகத்தில் ஆளுக்கொரு மேசை. விருந்தாளியாக உட்கார வேண்டியது பெற்றவர்கள். சூப்பில் தொடங்கி ஐஸ்கிரீம் வரை பிள்ளை பரிமாற வேண்டும். அப்பாவை 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும், அம்மாவை 'மேடம்'. வாய் தவறி 'அப்பா' என்றால் மார்க் போச்சு. முதல் இரண்டு வருடம் ஃபோர்க்கைப் பார்த்துக் கூச்சப்பட்ட அப்பன்மார்கள் பாத்ரூம் போவதாகச் சொல்லி நழுவி, ரோட்டோரப் புரோட்டாக் கடையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அதற்கும் ஒரு சட்டம் போட்டாள் கோகிலவாணி: விருந்தாளி பாதியில் எழுந்து போனால் பரிமாறியவர் ஃபெயில். அப்புறம் ஒருத்தரும் எழுந்ததில்லை. துறையின் வரலாறு என்று யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்லுவாள். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள்.

கொரோனாவில் ஓட்டல்கள் மூடியபோது படுத்த துறை எழுந்திருக்கவே இல்லை. சேருகிறவர்கள் ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கினார்கள். இழுத்து மூடிவிடலாம் என்று பேச்சு வந்தது. "இந்த வருஷ விருந்தை நானே வந்து பார்க்கிறேன். அப்புறம் முடிவு சொல்றேன்" என்றார் துணைவேந்தர். ஆக, துறை இருப்பதும் போவதும் ஒரு மத்தியானச் சாப்பாட்டில் தொங்கியது.

அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றவர் மாதேஸ்வரன். புதுச்சத்திரத்துக்காரர், போர்வெல் ரிக் ஓட்டுகிறவர். மகள் வித்யாவின் தேர்வுக்காக ஆந்திராவிலிருந்து கிடைத்த லாரியில் ஏறி வந்திருந்தார். மனைவி சென்னியம்மாள், அந்தக் கரண்டியெல்லாம் தனக்கு ஆகாது என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

வாசலில் அவர் கோகிலவாணியை ஓரமாக நிறுத்தினார். "மேடம், ஒண்ணு கேக்கோணுமுங்க. நடுவுல எந்திரிச்சா புள்ளைக்கு நெசமாலுமே மார்க் போயிருமுங்களா?"

நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு கை நெஞ்சை நீவிக்கொண்டே இருந்தது. அந்த வியர்வையை வருடா வருடம் பார்த்தவள் அவள். ஃபோர்க்குப் பயம் என்று நினைத்தாள். இன்னொன்று கேட்டிருக்கலாம். ஆனால் துணைவேந்தரின் கார் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது.

"ஆமாங்க, எந்திரிக்கவே கூடாது. ஐஸ்கிரீம் வரைக்கும் உக்காந்தீங்கன்னா உங்க புள்ளை பாஸ்" என்று சிரித்துவிட்டுக் காரை நோக்கி ஓடினாள்.

"செரிங்க" என்றார் மாதேஸ்வரன்.

வித்யா அன்று பரிமாறிய அழகைச் சொல்ல வேண்டும். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பக்கத்து மேசையிலிருந்த துணைவேந்தர் தன் சாப்பாட்டை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "சூப் பிடிச்சிருக்குங்களா சார்?" என்று அவள் கேட்டதும், "ரொம்ப நல்லாருக்குதுங்க" என்று மாதேஸ்வரனும் மகளுக்கு மரியாதை போட்டுப் பேசினார். பெற்ற பெண்ணோடு அவரும் அந்த நாடகத்தை ஒழுங்காக நடித்தார், பாவம்.

கோழிக்கறி வந்தபோது அவருடைய இடதுகை மேசைவிரிப்பின் நுனியைப் பிடித்துச் சுருட்டியது. கோகிலவாணி அதைப் பார்த்தாள். வித்யாவும் பார்த்தாள். குனிந்து, "சார், உடம்புக்கு ஏதாச்சுங்களா?" என்றாள் மெதுவாக.

"ஒண்ணுமில்லீங்க. நீங்க அடுத்ததைக் கொண்டாங்க."

வித்யா கோகிலவாணியின் முகத்தைப் பார்த்தாள். கோகிலவாணி துணைவேந்தரைப் பார்த்தாள். இன்னும் ஐஸ்கிரீம்தானே பாக்கி என்று நினைத்து, வித்யாவுக்குத் தலையசைத்தாள்.

"இந்தத் துறையை மூடக்கூடாதும்மா. திங்கட்கிழமை ஆர்டரில் கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டுத் துணைவேந்தர் கிளம்பினார். அவரைக் காரேற்றிவிட்டு, கால் தரையில் பாவாமல் திரும்பி வந்தாள் கோகிலவாணி. மாதேஸ்வரன் ஐஸ்கிரீமை ஒரு வாய் வைத்துவிட்டு, ஸ்பூனை வித்யா சொல்லிக்கொடுத்தபடி தட்டில் ஒதுக்கி வைத்தார். அப்படியே முன்னால் சாய்ந்தார்.

"சார்," என்று தோளைத் தொட்டாள் வித்யா. "சார்! சார்!" மூன்று வருடப் பழக்கம், நாக்கு அதையே சொன்னது. கண்ணாடி டம்ளர் உருண்டு உடைந்த பிறகுதான் 'அப்பா' என்ற சொல் வந்தது. அதைக் கேட்க அவர் இல்லை.

வலி வந்து நெடுநேரம் ஆகியிருக்கும், தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றார் டாக்டர். உடனே கொண்டுவந்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாமாம்.

மறுநாள் பூமாலையோடு புதுச்சத்திரம் போனாள் கோகிலவாணி. வாசலில் ஃப்ரீசர் பெட்டி. தலைமாட்டில் சென்னியம்மாள். வித்யா எழுந்து அவளிடம் வந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"மேடம், அப்பா உள்ள வாரதுக்கு முன்னால உங்ககிட்ட ஏதோ கேட்டாருங்களே. கண்ணாடி வழியாப் பாத்தேன். என்னங்க கேட்டாரு?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் கோகிலவாணி வாயைத் திறந்தாள். சுற்றிலும் சொந்தக்காரர்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை இன்னும் வரவில்லை. இத்தனை வருடம் கட்டிக் காத்த துறை இந்த ஒரு வார்த்தையில் போய்விடும்.

"கை எங்க கழுவறதுன்னு கேட்டாரும்மா."

வித்யா அவளையே பார்த்தாள். "எந்திரிக்கலாமான்னு கேக்கலீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப நான் சொன்னதுக்குத்தானுங்க உக்காந்திருக்காரு. நாந்தான் போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேன், என்ன ஆனாலும் எந்திரிச்சுராதீங்கப்பான்னு." சட்டென்று திரும்பிப் பெட்டியின் மேல் விழுந்தாள். "அம்மா, நாந்தாம்மா கொன்னுட்டேன்" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது.

யாரோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். கோகிலவாணி உட்கார்ந்தாள். எழுந்துபோய் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெட்டியை எடுக்கிற வரைக்கும் அவள் எழவில்லை.