பதினேழாம் எண்ணின் கால்

இந்த வருடம் பதினேழாம் எண்ணின் பெட்டி வரவில்லை. மற்ற பெட்டிகளெல்லாம் வந்து பட்டறைச் சுவரோரம் அடுக்கியாகிவிட்டது. சேவைச் சங்கத்தின் செயலாளர் பட்டியலை இரண்டு முறை பார்த்துவிட்டு, "அடுத்த லாட்ல வரும், விடுங்க" என்றார். சட்டையில் குத்திய சங்கச் சின்னத்தைத் தூக்கத்திலும் கழற்றமாட்டார் என்பதால் எங்களுக்கு அவர் பேட்ஜ்காரர்.

கடல் தாண்டி ஏழை நாடுகளில் கால் இழந்த குழந்தைகளுக்குச் சங்கம் செயற்கைக் கால் கொடுக்கிறது. செய்பவன் நான். அங்குள்ள மருத்துவமனை மீதிக் காலின் மாவு அச்சும், நல்ல பாதத்தைச் சுற்றி வரைந்த தாளும், முழங்காலிலிருந்து தரைவரை உயரமும் பெட்டியில் வைத்து அனுப்பும். பெயர் தரமாட்டார்கள், எண்தான். பதினேழு ஒரு பெண் குழந்தை. முதல் கால் செய்தபோது ஐந்து வயது. வளரும் பிள்ளைக்கு வருடம் ஒரு கால் வேண்டும். பத்து வருடமாகச் செய்கிறேன். பென்சில் கூசுமோ என்னவோ, சுண்டுவிரலை இழுத்துக்கொள்வாள் போல; எல்லாத் தாளிலும் அந்த இடத்தில் கோடு பிசகியிருக்கும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. மதியச் சாப்பாடு கொண்டுவரும் என் மனைவிதான் அவள் உயரத்தை வருடாவருடம் பட்டறைக் கதவுநிலையில் பென்சிலால் கோடிழுத்து வைத்தாள். பெற்றவர்கள் பிள்ளையின் உச்சந்தலைக்குக் கோடு போடுவார்கள். நாங்கள் முழங்காலுக்குப் போட்டோம்.

மூன்று வருடம் முன்பு, "வளர்ற புள்ள, ஒரு விரக்கடை கூட்டியே வைங்க" என்றாள். மடித்துத் தைக்க அது என்ன பாவாடையா? தெரிந்தே கூட்டி வைத்தேன். மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. கூடுதலாக இருந்த நீளத்தை அறுக்கப் பிள்ளை விடவில்லையாம். மற்றச் செருப்பின் அடியில் அட்டை ஒட்டிக்கொண்டு, வளரும்வரை அப்படியே நடந்தாளாம். யானைக்கும் அடி சறுக்கும் என்று பேட்ஜ்காரர் விட்டுவிட்டார். நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷமாகத்தான் இருந்தது.

இந்த முறை நாற்பது நாள் போனது. தினமும் போன் செய்தேன். "பொண்ணக் கட்டிக்குடுத்தவர் மாதிரி விசாரிக்கிறீங்களே" என்று பேட்ஜ்காரர் சிரித்தார். மனைவி சாப்பாட்டை வைத்துவிட்டுப் பெட்டிகளின் எண்களை ஒருமுறை படித்துவிட்டுப் போவாள்.

நேற்று மதியம் பேட்ஜ்காரர் வந்தார். பெட்டி இல்லை, ஓர் உறை மட்டும். உள்ளே தாள். சுண்டுவிரல் பக்கம் அதே பிசகு. உயரம் போன வருடத்து உயரமே.

"நல்ல சேதிதான். வளர்த்தி நின்னுடுச்சாம். இந்தக் காலே இன்னும் சில வருஷம் தாங்கும். அப்புறம் அங்கயே செஞ்சுக்குவாங்க, சங்கம் பட்டறை போட்டுக் குடுத்துடுச்சு."

நல்ல சேதிதான். காலி உறையை இன்னொரு முறை உதறிப் பார்த்தேன்.

மனைவி தாளை வாங்கிப் பார்த்தாள். "அது நடக்குறத ஒருதரம்..."

"போட்டோ, வீடியோ எதுவும் தரமாட்டாங்கம்மா. விதி."

"படம் வேணாங்க. நடக்குற சத்தம் மட்டும்."

பேட்ஜ்காரர் சின்னத்தைத் தடவிக்கொண்டார். "கேட்டுப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு கதவருகே உட்கார்ந்தாள். போன வருடத்துக் கோட்டின் மேலேயே இந்த வருடத்துக் கோட்டையும் இழுத்தாள். கோடு சற்றே தடித்தது. அதற்கு மேலே நிலை முழுக்க வெறும் மரமாக இருந்தது.