விரல்நுனிக்கு வராத அணுக்கள்

அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிப்பவள். கணவனுக்குக் காய்ச்சல் வந்தபோது விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்ததும் அவளேதான். மலேரியாதான், ஆனால் கிருமி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிந்தது.

"கொஞ்சம்தான் இருக்கு, பயப்படாதீங்க" என்றாள்.

மருந்து ஆரம்பித்தார்கள். மறுநாளே அவனுக்குப் பேச்சு குழறியது, நினைவு தப்பியது, திரும்பாமலேயே இறந்துபோனான்.

"ஊர் ரத்தத்தையெல்லாம் பாக்கறீங்க, எங்கண்ணன் ரத்தத்துல மட்டும் கோட்டை விட்டுட்டீங்களே!" என்றாள் நாத்தனார். இதையே வேறு வேறு வார்த்தைகளில் சொல்ல அடிக்கடி போன் செய்வாள். இவளும் தவறாமல் எடுப்பாள். வேறு யாரும் இவளைக் கூப்பிடுவதில்லை.

பிறகு ஆஸ்பத்திரியை விட்டு, மலேரியா ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் ஆராய்ச்சியாளர் மெல்லிய குழாயில் ரத்த அணுக்களை ஓடவிட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். நல்ல அணுக்கள் வழுக்கிக்கொண்டு போயின. சில மட்டும் சுவரைத் தொட்டதும் நின்றுவிட்டன.

"ஏன் சார் நிக்குது?"

"உள்ள இருக்கற கிருமி தன்னோட புரதத்தை அணுவோட மேல்தோலுக்கு அனுப்புதும்மா. குட்டிக் குட்டியா முடிச்சு மாதிரி கிளம்பும். அதை வச்சு ரத்தக்குழாய்ச் சுவரைப் பிடிச்சுக்கும். மூளையில அடைஞ்சா உயிருக்கே ஆபத்து."

"அப்போ விரல்ல குத்திப் பாத்தா?"

"ஒட்டிக்கிட்டது விரலுக்கு எப்படி வரும்? கம்மியாத்தான் தெரியும்."

அவர் டீ குடிக்கப் போனார். அவள் கண்ணை எடுக்கவில்லை. ஒட்டிய அணுக்கள் ஓட்டத்தில் நடுங்கின. ஆனால் பிடியை விடவில்லை.

அன்று சாயங்காலம் முதல்முறையாக அவளே நாத்தனாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"அப்ப நீங்க சரியாத்தான் பாத்தீங்களா?"

"பாத்தது சரிதான். பாக்க முடியாத இடத்துல இருந்திருக்கு."

"எனக்கு யாரையாவது திட்டணும் போல இருந்துச்சு அண்ணி. மனசுல வச்சுக்காதீங்க."

அன்றிரவு நன்றாகத் தூங்கினாள். அதற்குப் பிறகு போன் வரவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்கமாட்டாமல் அவளே கூப்பிட்டாள்.

"என்ன அண்ணி, ஏதாவது விசேஷமா?"

"ஒண்ணுமில்ல. சும்மாத்தான்."

சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டாள். ஆயிற்று என்று பதில் வந்தது.

"அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்றாள் நாத்தனார்.

"சரிம்மா, போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டு, அவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.