முப்பத்தொன்றாம் சீட்டு

“நாற்பத்தேழு இருக்கணும்க்கா. நாற்பத்தாறுதான் இருக்கு.”

அகராதி அலுவலகத்துப் பதிப்பாசிரியை எங்கள் சாப்பாட்டு மேசையில் சீட்டுகளை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தாள். பறந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்தச் சொல்லியிருந்ததால் அவள் மேலுதட்டில் வியர்வை துளிர்த்திருந்தது. ஒவ்வொரு சீட்டுக்கும் என் கணவர் எண் போட்டிருந்தார். முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் ஒரு சீட்டு அகலத்துக்கு இடம் விட்டு, அந்த வெற்றிடத்தை ஆள்காட்டி விரலால் தடவிக்கொண்டிருந்தாள், பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல. அவர் இறந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

“ஏதாவது புத்தகத்துக்குள்ள இருக்கும்,” என்றேன். “தேடிப் பாக்கறேன்.”

“எழுதியிருக்காருக்கா. இங்க பாருங்க.” பெட்டி மூடியைத் திருப்பிக் காட்டினாள். உட்புறம் ஒட்டியிருந்த பட்டியலில் எல்லா எண்ணுக்கும் அவர் டிக் போட்டிருந்தார், முப்பத்தொன்று உட்பட. “எழுதாம டிக் போடற ஆளா அவரு? ‘கே’ எழுத்து மொத்தமும் இந்த ஒரு சொல்லுக்காக அச்சகத்துல நிக்குது. அடுத்த சனிக்கிழமை வரேன். அதுக்குள்ள பாருங்க.”

அந்தச் சீட்டு அப்போது அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் நான்காக மடித்து இருந்தது. கூடு என் மடியில் இருந்தது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வழிகூட இல்லை. என் வீட்டு நாற்காலியில், என் வீட்டு மேசைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவர் அந்த அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதும் வேலை. எழுத்துகளை ஆளுக்கொன்றாகப் பிரித்தபோது இவருக்குக் ‘கே’ வந்தது. சின்ன எழுத்து, சீக்கிரம் முடித்துவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்காரலாம் என்று மற்றவர்கள் பொறாமைப்பட்டார்களாம். ராஜா, பட்டம், சமையலறை, முழங்கால் எல்லாம் ஒன்றரை வருடத்தில் முடிந்தன. மிச்சம் இருந்தது ‘கீப்’. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த சொல். அதற்குள் போனவர் நான்கு வருடம் ஆகியும் வெளியே வரவில்லை.

பால் கெடாமல் இருந்தால் கீப். சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் கீப். கோழி வளர்த்தாலும் கடை நடத்தினாலும் டயரி எழுதினாலும் அதே சொல். ரகசியத்தை மனசுக்குள் பூட்டிக்கொள்வதும் அதுதான், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பதும் அதுதான். வைத்திரு, பேணு, பாதுகா, தடு, நிறுத்து, நிறுத்தாமல் செய் என்று அவர் எழுதிக்கொண்டே போவார். “இது சொல் இல்ல, சத்திரம்,” என்பார். “எவன் வந்தாலும் ஒரு பாயைப் போட்டுக் குடுத்துடுது.”

அலுவலகத்தில் சும்மா விடுவார்களா. நம் ஆட்கள் அந்தச் சொல்லை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது ஊரறிந்தது. “சார் நாலு வருஷமா ஒரே கீப்பை வச்சிருக்காரும்மா, வீட்டுல தெரியுமா?” என்று மெய்ப்புப் பார்ப்பவர் ஒருநாள் தொலைபேசியில் என்னிடமே கேட்டார். “தெரியும் சார். சாப்பிடறப்ப எங்க ரெண்டு பேருக்கும் நடுவுலதான் உக்காருது. தங்கமான பொண்ணு, சோறுதான் கேக்க மாட்டேங்குது,” என்றேன். அதை அந்த மனிதர் ஒரு வாரம் அலுவலகம் முழுக்கச் சொல்லித் தீர்த்திருக்கிறார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொருளுக்கு ஒரு சீட்டு. சீட்டில் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். அந்த வாக்கியத்தை இட்டுக்கட்டக் கூடாது. யாராவது உண்மையில் எழுதியதாகவோ சொன்னதாகவோ இருக்க வேண்டும். யார், எங்கே, எப்போது என்று கடைசி வரியில் குறிக்க வேண்டும். அது உண்மை என்று நேரில் அறிந்த இன்னொருவர் வலது மூலையில் இருக்கும் சிறு கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கட்டம் காலியாக இருக்கும் சீட்டு அச்சுக்குப் போகாது. ‘குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்’ என்ற ஆங்கில வாக்கியத்துக்காக இவர் இருமல் மருந்துப் பாட்டிலைப் பையில் போட்டு எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கி வந்தார். பூங்காவில் புல்லை மிதிக்காதே என்று ஒரு பலகை இருந்தது. அதைக் காட்ட மெய்ப்புப் பார்ப்பவரை மத்தியான வெயிலில் இழுத்துக்கொண்டு போனார். “தூரத்துல நின்னு படிச்சா செல்லாது, கிட்டப் போங்க” என்று அவரைப் புல்லில் இறக்கிவிட்டு, இருவருமாகக் காவலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அந்தச் சீட்டு பதினெட்டாவது. அதை எப்போது எடுத்தாலும் சிரிப்பார்.

போன வருடம் அவர் மூளையில் ஒரு சின்ன ரத்தக் கட்டு. கை, கால் தப்பித்தன. படிப்பும் எழுத்தும் தப்பித்தன. நேரம்தான் போய்விட்டது. எந்த வேளையும் அவருக்குக் காலை ஒன்பது மணி, அலுவலகத்துக்குக் கிளம்பும் மணி. பனியனோடு, தோளில் பையோடு இறங்கி நடந்துவிடுவார். ஒருமுறை நாலு ரோடு சந்திப்பின் நடுவில் நின்றுகொண்டிருந்தவரைப் போக்குவரத்துக் காவலர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். “தனியா விடாதீங்க,” என்றார் மருத்துவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்த நான் வேலையை விட்டேன். அகராதி அலுவலகம் சீட்டுப் பெட்டியை வீட்டுக்கே அனுப்பி வைத்தது. முப்பத்தொன்று மட்டும்தான் பாக்கி. அதற்கு மட்டும் சரியான வாக்கியம் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“சட்டை எங்க? மணி ஒம்பது ஆச்சு.”

“இன்னைக்கு லீவு.”

“யாருக்கு?”

“எல்லாருக்கும்.”

ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நான் உலகத்துக்கே விடுமுறை விட்டேன். குளிக்கும்போதும் கதவைச் சாத்துவதில்லை. அடுப்பில் ஒரு கண், அவர் முதுகில் ஒரு கண். இரண்டு அறையும் ஒரு நடையும் உள்ள வீட்டில் நாங்கள் ஒருவரையொருவர் சுற்றிக்கொண்டிருந்தோம், செக்கும் மாடும்போல. எது செக்கு, எது மாடு என்று சொல்லத் தெரியவில்லை.

மதியம் சாப்பிட்டதும் அவர் இரண்டு மணி நேரம் தூங்குவார். அந்த நேரத்தில் வெளியே பூட்டிவிட்டுப் போகத் தொடங்கினேன். முதலில் காய் வாங்க, மருந்து வாங்க. பிறகு எதையும் வாங்காமல். பேருந்து நிறுத்தத்துச் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்து, வருகிற பேருந்துகளின் பெயர்ப் பலகைகளைப் படிப்பேன். ஏற மாட்டேன். மணி என்ன என்று யாரும் கேட்காத முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். சத்தம் வராமல் மெதுவாகத்தான் பூட்டுவேன். அவருக்குத் தெரியாது என்பதுதான் என் தைரியம்.

எதிர்வீட்டுத் தையல்காரிக்குத் தெரியும். ஜன்னலோரம் மெஷினைப் போட்டிருந்தாள்.

“எங்கக்கா, கிளம்பிட்டீங்க?”

“தோ, வந்துடறேன்.”

“அண்ணன்?”

“தூங்கறாரு.”

பூட்டைப் பார்ப்பாள். பிறகு துணியைப் பார்ப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் ஒரு பேருந்தில் ஏறினேன். படி தாழ்வாக இருந்தது. ஜன்னலோரம் ஓர் இருக்கை காலியாக இருந்தது. கடைசி நிறுத்தம்வரை போய், இறங்காமல், அதே இருக்கையில் திரும்பி வந்தேன். வழியில் பார்த்தது எதுவும் நினைவில் இல்லை. காற்று அடித்தது மட்டும் நினைவிருக்கிறது. பூட்டைத் திறந்தபோது இரண்டே கால் மணி நேரம் ஆகியிருந்தது.

மேசை முன் உட்கார்ந்திருந்தார். சட்டை போட்டு, பொத்தான்களை வரிசை தப்பாமல் மாட்டியிருந்தார். தலை இடது கையின் மேல் சாய்ந்திருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகியிருந்தார். கை இன்னும் முழுக்கச் சில்லிடவில்லை. அதன் அடியில் சீட்டு.

முப்பத்தொன்று. வெளியே விடாமல் வைத்திரு, அடைத்து வை. ஆங்கில வாக்கியம், அதன் கீழே தமிழ்: ‘அவள் என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறாள், பூட்டும் சத்தம் கேட்கும்வரை தூங்குவதுபோல் படுத்திருக்கிறேன்.’ யார்: நான். எங்கே: வீட்டில். எப்போது: செவ்வாய், மதியம் மூன்று.

என் பேருந்துச் சீட்டில் மூன்று ஐந்து என்று அச்சாகியிருந்தது. ஒரு வருடமாக மணி தெரியாத மனிதர் அன்றைக்கு மணியைச் சரியாக எழுதியிருந்தார்.

அப்புறம் எழுந்து போய்க் கதவைத் தட்டினாரா, கூப்பிட்டாரா, தெரியாது. தையல்காரியைக் கேட்டால் சொல்லிவிடுவாள் என்பதால் கேட்கவில்லை. எல்லோரிடமும் நான் பக்கத்தில்தான் இருந்தேன் என்று சொன்னேன். பேசிக்கொண்டே இருந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார் என்று மருத்துவரிடம் சொன்னேன். நாத்தனாரிடம் சொல்லும்போது அவர் கடைசியாக டீ கேட்டார் என்பதும் சேர்ந்துகொண்டது. “குடுத்து வச்சவன், உன் மடியில போனான்,” என்று அவள் அழுதாள். நானும் அழுதேன். தையல்காரி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு நான் அந்த வீட்டைவிட்டு அநேகமாக வெளியே போகவில்லை. யாரும் என்னைப் பூட்டவில்லை.

பதிப்பாசிரியை போன அன்று மாலை ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். என் கையெழுத்து அவருடையதுபோலவே இருக்கும். பழைய சீட்டுகளில் பாதி நான் படியெடுத்தவை. ‘மழை எங்களை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தது’ என்று எழுதினேன். ‘யார்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. எந்த மழை, யார் வீடு? இட்டுக்கட்டிய வாக்கியத்தை அவர் பெட்டிக்குள் போட எனக்குக் கை வரவில்லை. பொய் சொல்லத் தயங்காதவள் சீட்டில் தயங்கினேன். நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது. ஆனால் அந்தச் சீட்டுகளோடு அத்தனை வருடம் இருந்துவிட்டேன்.

பேப்பர்காரர் இன்னும் அவருடைய ஆங்கில நாளிதழைப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. வாசலில் கட்டு கட்டாகக் கிடந்ததை எடுத்து வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் படித்தேன். எட்டாவது நாள் கிடைத்தது. யாரோ ஒருவரை விசாரணைக்காக இரண்டு நாள் காவலில் வைத்திருந்தார்களாம். உண்மையான வாக்கியம், தேதியும் பக்கமும் உள்ள வாக்கியம். விதிப்படி எழுதி, உலர வைத்து, முப்பதாம் சீட்டுக்குப் பின்னால் செருகினேன். எதுவும் நடக்காததுபோல மற்றவற்றோடு சேர்ந்து உட்கார்ந்துகொண்டது. இனி அவர் எழுதிய வாக்கியம் எனக்கும் கண்ணாடிக் கூட்டுக்கும் மட்டும்தான் தெரியும். மூச்சு விட்டேன். அந்த மூச்சு பாதியில் நின்றது. அவர் நான்கு வருடம் தேடிக் கண்டுபிடித்த வாக்கியத்தை நான் எடுத்துவிட்டு, யாரோ ஒரு கைதியை உள்ளே வைத்திருந்தேன்.

சனிக்கிழமை அவள் வந்தாள். டீயை ஒதுக்கி வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

“கிடைச்சுதாக்கா?”

“ம்.”

முப்பத்தொன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். தலையை ஆட்டினாள். கடைசி வரிக்கு வந்ததும் தலை நின்றது.

“இது முந்தாநாள் பேப்பர்க்கா.”

தேதி. விதிப்படி, ஒழுங்காக, நானே எழுதிய தேதி. அவர் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

அவள் கோபப்படவில்லை. சீட்டை மேசையில் வைத்து விரலால் நேராக்கினாள். “நீங்க எழுதினதா? தப்பு ஒண்ணும் இல்ல. பேப்பர் எங்கிட்டயும் இருக்கு, நானே பாத்துக் கையெழுத்துப் போட்டுடலாம். யாரும் கேக்க மாட்டாங்க.” சீட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, “சார் எழுதினது காணாமப் போச்சுன்னு சொன்னா நான் நம்பிடறேன்க்கா,” என்றாள்.

கதவு திறந்துதான் இருந்தது. எதிர்வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் மடியிலிருந்த கூட்டைத் திறந்து, அதிலிருந்த சீட்டை அவள் முன் வைத்தேன்.

பிரித்துப் படித்தாள். இரண்டாம் முறை படித்தாள். கடைசி வரியில் ரொம்ப நேரம் இருந்தாள். நான் அவள் டீயில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவள் கண் என்னிடம் வரவில்லை. கதவுக்குப் போய், நாதாங்கியில் சாவியோடு தொங்கிய பூட்டில் நின்றது. பிறகு என் சீட்டை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, அவர் சீட்டை அந்த இடத்தில் வைத்தாள்.

“வாக்கியம் சரியா இருக்குக்கா,” என்றாள். “கட்டம்தான் காலியா இருக்கு.”

“நீ போட்டுடும்மா.”

“எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சவங்கதான போடணும்.”

பேனாவை மூடி கழற்றி என் பக்கம் தள்ளினாள். எதிரே மெஷின் நின்றது; ஊசியில் நூல் அறுந்திருக்கும். கட்டம் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்தது. நான்காக மடிந்து கிடந்த சீட்டு மேசையில் படியாமல், மெல்ல மெல்ல மறுபடி மூடிக்கொள்ளப் பார்த்தது. இடது கையால் அதைத் திறந்தபடி பிடித்துக்கொண்டேன்.