மறுபடி போட்ட பாட்டு

அப்பாவை வாசலில் கண்டதும் டானியல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒஸ்லோவில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல், இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுக் கோடை. மண்டபம் நிறைய நோர்வேப் பெடியள், பாதிப் பேருக்குச் சடைமுடி. அவர்களுக்கு நடுவில் அப்பா வின்சென்ற், ஞாயிற்றுப் பூசைக்குப் போடும் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, கையில் ஒரு தட்டம் பொரித்த றோல்ஸோடு நிற்கிறார்.

அன்று ரெகே இசை மோதல். இரண்டு குழுக்கள் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி, மாறி மாறிப் பாட்டுப் போடும். ஒருவர் போட்ட பாட்டை மற்றவர் போட்டால் அந்த இடத்திலேயே தோல்வி. எதிராளி போடுவதை ஒன்றுவிடாமல் கேட்பது டானியலின் வேலை. இவர்கள் பக்கத்துப் பெட்டிகள் அவன் கூட்டாளி அனுஷனுடையவை. புருசெத் பகுதி மாடிவீட்டு நிலவறையில் மூன்று குளிர்காலம் முதுகொடியச் செய்தவன். எதிர்க்குழுவான பேர்கன்காரரை வென்றால் கோடை விழா மேடை அவனுக்கு.

அனுஷனின் ஆம்பிளிஃபையர் கொதித்தது. "வானுக்கை இதை ஆறவைக்கிற காத்தாடி கிடக்கு, எடுத்துக்கொண்டு வாறன். கவனமாக் கேள்," என்றுவிட்டு வெளியே நின்ற வாகனத்துக்கு ஓடினான். பேர்கன்காரர் போடத் தொடங்கினார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் அப்பா.

"ஏன் இஞ்சை வந்தனீங்கள்?"

"அனுஷன்தான் வரச் சொன்னவன். பெடியளுக்கு எண்டு அம்மா றோல்ஸ் தந்துவிட்டவ."

எண்ணெய் மணம் பரவ, நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். டானியலுக்கு உடம்பெல்லாம் கூசியது. பெற்ற தகப்பனைக் கண்டு கூச்சம், கேட்டீர்களா! கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"உள்ளை சத்தம் கூட. உங்களுக்கு ஒத்துவராது."

"ஒரு ஓரமா நிக்கிறனே, மகன்."

"வேண்டாம் எண்டனான்."

சுவருக்கு வெளியே தும் தும் என்ற அதிர்வு மட்டும்தான். எந்தப் பாட்டென்று யாருக்குத் தெரியும்?

அவன் உள்ளே வந்தபோது பேர்கன்காரர் முடித்திருந்தார்கள். அனுஷனும் காத்தாடியோடு வந்துவிட்டான்.

"எல்லாம் கேட்டனியா?"

"கேட்டனான்," என்றான் டானியல். கூசாமல் சொன்னான்.

"அப்ப எங்கடை இசைத்தட்டைப் போடு."

ஜமைக்காவின் வயதான பாடகர் ஒருவர் தன் பழைய பாட்டில் அவர்களின் குழுப் பெயரையும் சேர்த்து, அவர்களுக்கென்றே பாடிக்கொடுத்த தட்டு அது. டானியல் ஊசியை வைத்தான். முதல் அடியிலேயே மண்டபம் ஊவென்று கத்தியது. கட்டைவிரல்கள் கீழே கவிழ்ந்தன. அதே பாடகர் அதே பாட்டைப் பேர்கன்காரருக்கும் பாடிக்கொடுத்திருந்தார். பெயர்தான் வேறு. அவர்கள் அதைச் சற்றுமுன்தான் போட்டு முடித்திருந்தார்கள். மோதல் முடிந்தது.

ஆரவாரம் கேட்டு வின்சென்ற் உள்ளே வந்தார்.

அனுஷன் கத்தவில்லை. "கேட்டனான் எண்டனியே," என்றான்.

"அப்பா வந்து மறிச்சுப்போட்டார். நான் என்ன செய்யிறது?"

நாக்கு அழுகிப்போகாதா என்று இருந்தது டானியலுக்கு. ஆனாலும் சொல்லிவிட்டானே.

வின்சென்ற் மகனைப் பார்த்தார். பிறகு அனுஷனிடம், "ஓம் தம்பி, பிழை என்னிலைதான். கதைச்சுக் கதைச்சு ஆளை விடாமல் நிண்டிட்டன்," என்றார்.

"பரவாயில்லை அங்கிள், நான் கூப்பிட்டுத்தானே வந்தனீங்கள்." அனுஷன் குரலைச் சரிப்படுத்திக்கொண்டான். "எங்கடை பெட்டியளின்ரை சத்தம் எப்பிடி?"

இரண்டாவது பொய்க்கு வின்சென்ற் ஆயத்தமாக இருக்கவில்லை.

"எனக்குத் தெரியாது தம்பி. மகன் என்னை முத்தத்திலைதான் நிக்கச் சொன்னவன்."

அனுஷன் டானியலை ஒருமுறை பார்த்தான். றோல்ஸ் தட்டத்தை வாங்கி மேசையில் வைத்தான்.

"வாங்கோ அங்கிள், முன்னுக்கு வந்து நில்லுங்கோ. நீங்கள் கேக்கிறதுக்கு ஒண்டு போடுறன்," என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனான். டானியலை ஒருவரும் கூப்பிடவில்லை.