ஐந்து மணி பஸ்ஸுக்கு முந்தைய ஊசிகள்

இந்தக் கண்ணாடி ஊசியும் அடைத்துக்கொண்டது. கருவியில் எண் அசையவே இல்லை. அவள் அதை ஆய்வகத்தின் கண்ணாடிக் கழிவு டப்பாவில் எறிந்தாள். முடியைவிட மெலிதான முனை. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"என்ன புயல், கை நடுங்குதா?" தன் கணினியிலிருந்து தலையைத் தூக்காமல் சீனியர் கேட்டான். அவளுடைய அவசரத்துக்கு அவன் வைத்த பெயர் புயல். "பொறுமையா சூடு காட்டும்மா. முப்பது எண்ணு."

"நாப்பது எண்ணினேண்ணா. உங்க பொறுமைய நீங்களே வச்சுக்கங்க."

அந்த முனைக்குள் இரண்டு துளைகள். ஒன்றில் கரி, எதிரே உள்ள உயிர்ச் செல்லில் நடக்கும் வேதிமாற்றத்தை அது மின்சாரமாகச் சொல்லும். மற்றதில் உப்புநீர், ஊசி செல்லில் இடித்துவிடாமல் உயரம் பார்த்துச் சொல்லும். கம்பெனியில் வாங்கினால் ஒன்றின் விலைக்கு அவளுடைய ஒரு மாத உதவித்தொகை போய்விடும். அவள் முறைக்கு லைட்டரில் நிரப்பும் கேஸ் போதும். ஒரு துளையில் கேஸைச் செலுத்தி, முனை எரிந்துவிடாமல் சுற்றி ஆர்கான் வாயுவை ஓடவிட்டு, வெளியிலிருந்து சுட்டால் உள்ளே கரி படியும்.

ஆனால் பத்துக்கு ஒன்றுதான் தேறியது. வியாழனுக்குள் பத்துக்கு ஐந்து தேறாவிட்டால் ஊசிகளை வாங்கி, ஆராய்ச்சியைச் சீனியரிடம் கொடுத்துவிடுவேன் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். இன்று புதன்.

போன் அடித்தது. அம்மா.

"என்னடி, ஊசி செஞ்சு முடிச்சிட்டியா?"

"இல்ல."

"ஊசியில நூல் கோக்கவே உனக்கு வராது. ஒரு இடத்துல உக்காந்தாத்தானே? கால்ல சக்கரம்!"

"நீயுமாம்மா? வை போன."

குறை சொல்ல ஊரே வரிசையில் நிற்கிறது என்று முணுமுணுத்தபடி, தோற்றுப்போனதைக் குறிக்க நோட்டைத் திறந்தாள். இதுவரை எண்பது. தேறியவை எட்டு. அவற்றின் எதிரே இருந்த நேரத்தைப் பார்த்ததும் பேனா நின்றது. 4.50. 4.47. 4.52. இப்படியே ஏழும் ஐந்து மணி பஸ்ஸுக்குப் பறந்துகொண்டே அவசரமாகச் சுட்டவை. எட்டாவது காலை 9.10; தீயணைப்பு ஒத்திகை மணி அடித்ததும் பாதியில் விட்டு ஓடிய நாள்.

பொறுமையாகச் சுட்டதெல்லாம் பாழ். கரி நன்றாகத்தான் படிந்தது. அதற்குள் கண்ணாடி இளகி, உப்புநீர்த் துளை மூடிக்கொண்டது.

அவள் எண்ணவில்லை. பஸ் திரும்பும் தெருமுனையை நினைத்துக்கொண்டு சுட்டாள், சட்டென்று தீயை விலக்கினாள். மறுபடியும், மறுபடியும். கடிகாரம் வைத்துப் பார்த்தால் எட்டு நொடிதான் வந்தது. பத்தில் ஏழு தேறியது.

மறுநாள் பேராசிரியர் ஏழையும் தானே சோதித்தார்.

"முப்பது நொடின்னு யார் சொன்னது?"

சீனியர் திரையை உற்றுப் பார்த்தான்.

"எட்டு நொடி போதும்னு எப்படிக் கண்டுபிடிச்ச?"

"பஸ் போயிடுமேன்னுதான் சார்."

அவர் சிரிக்கவில்லை. "ஆராய்ச்சி உன்கிட்டயே இருக்கட்டும். ஊசி வாங்க வேணாம். இவனுக்கும் கத்துக்குடு."

சீனியர் வேண்டாவெறுப்பாக வந்து தீயைப் பிடித்தான்.

"ஒண்ணு... ரெண்டு..." என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று நொடி எடுத்துக்கொண்டு நிதானமாக எண்ணத் தொடங்கினான். "மூணு..."

"அண்ணா, பஸ் போயிடுச்சு! கைய எடுங்க!"