கப்பல் கேசட்

பெண் பார்க்கப் போன வீட்டில் டிவியின் மேல் பிராஸ் லைட்ஹவுஸ் கேசட்டைக் கண்டதும் வரது கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டான். ஒரு கேசட் முழுக்க ஒரே கதையைப் பாடும் அந்த ஆங்கில ராக் குழுவை ஸ்ரீபெரும்புதூரில் தான் ஒருவன்தான் கேட்பதாக நினைத்திருந்தான். அவன் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் அதைப் போட்டால் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள்.

இருவரையும் தனியாகப் பேச விட்டார்கள்.

"ரெண்டாவது கேசட் கேட்டேளா? நிலாவைத் தேடிக் கப்பல் போற கதை?" என்றான். அது அவனுக்கு உயிர்.

"கேட்டேன். பாதியிலே தூங்கிட்டேன்" என்றாள் கமலினி. "இருபது நிமிஷம் ஆர்கனே வாசிச்சிண்டிருந்தா கப்பல் எப்போ கிளம்பறது? முதல் கேசட்தான் நன்னாயிருக்கு."

"அந்தக் கடிகாரக்காரன் கதையா? அது குழந்தைகளுக்குப் பாடினது."

"கேட்டா புரியறது. அது ஒரு குத்தமா?"

"குத்தம்தான்!" என்றான் வரது. அவன் குரல் உயர்ந்ததில் உள்ளே பெண்கள் காப்பி ஆற்றுவதை நிறுத்திவிட்டார்கள்.

வீடு திரும்பும்போது அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "பொண்ணைப் பிடிச்சிருக்கோல்லியோ?"

கமலினியை விட்டால் இந்த ஊரில் இந்தப் பாட்டுக்காகச் சண்டை போடக்கூட ஆள் கிடையாது என்று வரதுவுக்குத் தோன்றியது. "பிடிச்சிருக்கு. கொஞ்சம் திருத்தணும், அவ்வளவுதான்."

மறுநாள் தரகர் வந்தார். "பொண்ணுக்கும் சம்மதம். பையனுக்கு ஏதோ கப்பல் பைத்தியமாம், போகப் போகத் தெளிய வச்சுடறேன்னு சொல்றா."

அம்மா மகனை மேலும் கீழும் பார்த்தாள். "கப்பல் வேலைக்கு மனு போட்டிருக்கியாடா?"