சத்தமில்லாமல் பார்த்த குடும்பம்

பனியன் கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்து மெஷின்கள் நின்றதும், என்னோடு வேலை செய்யும் கவிப்பிரியா தன் ஹெட்செட்டின் ஒரு முனையை என் காதில் செருகினாள். அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை என் தங்கச்சி தேஜஸ்ரீயைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அவளும் என்னோடு இந்தச் செக்கிங் டேபிளுக்கு வந்துவிடுவாள். அதற்குள் அப்பாவிடம் பேசியாக வேண்டும். என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒருத்தி கவிப்பிரியாவின் செல்போனில் ஓடும் தொடருக்குள் இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தொடரில் வரும் வெளிநாட்டுக் குடும்பத்தை எனக்குப் பத்து வயதிலிருந்து தெரியும். அம்மா முதலாளி வீட்டில் பாத்திரம் தேய்ப்பாள். வீடும் கம்பெனியும் நல்லூரில் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அங்கே துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருப்பேன். எதிரே ஹால் ஜன்னல், அதற்குள் டிவி. முதலாளியின் பிள்ளைகள் ஐந்து மணிக்கு அந்தத் தொடரைத்தான் வைப்பார்கள். டப்பிங் செய்த தமிழில்தான் பேசுகிறார்கள் என்று தெரியும், ஆனால் ஒரு சொல்லும் கேட்காது. எனக்குப் பின்னால் ஷெட்டில் ஓவர்லாக் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் அவர்களுக்கு நானே பேச்சு வைத்தேன். பெரிய சோபா, வீட்டுக்குள்ளேயே ஒரு மாடிப்படி, அதில் தடதடவென்று இறங்கி வரும் அக்கா தங்கச்சி, வீட்டிலும் ஸ்வெட்டர் போட்டிருக்கும் அப்பா. என் பேச்சில் அந்தப் பிள்ளைகள் அவரிடம் "ஏனுங்ப்பா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பழைய சலான் புத்தகத்தின் பின்பக்கங்களில் எழுதி, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிடுவேன்.

ஒரு நாள் பெரியவள் படியில் நின்று நெடுநேரம் பேசினாள். அவளுக்குப் பின்னால் சின்னவள் முதுகில் பையோடு நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு கேட்ட அப்பா கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து படியிலேயே உட்கார்ந்தார், பிறகு பெரியவளைக் கட்டிக்கொண்டார். தங்கச்சி படிப்பை நிறுத்தாதீர்கள் என்றுதான் அவள் பேசுகிறாள் என்று நான் முடிவு செய்தேன். பையைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்? ஒன்பதாவதோடு என்னை நிறுத்திய வருஷம், அந்தப் பேச்சை எனக்காக யாராவது பேசுவார்களென்று காத்திருந்தேன். எங்கள் வீட்டில் பெரியவள் நான்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

தேஜஸ்ரீக்கு அப்படி ஆகாது என்றிருந்தேன். அதைக் கெடுத்ததும் நானேதான். வியாழக்கிழமை முதலாளியம்மா டேபிள் பக்கம் வந்தார். நல்ல மனுஷி, யாரையும் அதட்ட மாட்டார்.

"பாரதி, உன்ற தங்கச்சி பத்தாவது முடிச்சுட்டாளாமா? ஊட்டுல சும்மாதான இருக்கறா? திங்கக்கெழமையில இருந்து கையோட கூட்டிட்டு வந்துரு கண்ணு. ரெண்டு பேரும் ஒண்ணா வந்துட்டு ஒண்ணாப் போலாம்."

"சரிங்க்கா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. தும்மல் வருவதுபோல வந்துவிட்டது. டீ குடிச்சியா என்றாலும் சரிங்க, இந்த பண்டலைப் பிரித்துப் போடு என்றாலும் சரிங்க. பிறந்ததிலிருந்து இந்த வாய் வேறு எதற்கும் பழகவில்லை. அப்பா அதே கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். சாயங்காலத்துக்குள் சேதி அவருக்குப் போய்விட்டது.

"நீயே சரின்னு சொல்லிப்போட்ட. இனி நாம் போயி இல்லீங்கன்னா நல்லாவா இருக்கும்?" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். கத்தியிருந்தால் எதிர்த்தாவது பேசியிருக்கலாம். தேஜஸ்ரீ வாங்கி வைத்திருந்த விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

கவிப்பிரியா தேனிப் பக்கத்துக்காரி. அவளிடம் கேட்டுத்தான் அந்தத் தொடரைத் தேடிப் பிடித்தேன். வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையுமாக, டீ நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் ஓட்டி ஓட்டி ஒன்பது பகுதி பார்த்தோம். முதல் முறையாக அவர்கள் குரலைக் கேட்டேன். அப்பாவின் குரல் இத்தனை மெல்லியதாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. யாரோ கூட்டமாக வேறு சிரித்துக்கொண்டே இருந்தார்கள், ஒருத்தர் கதவைத் திறந்தால்கூட. பத்தாவது பகுதியில் அந்தப் படி வந்தது. நான் சோற்றைக் கையில் பிடித்தபடி இருந்தேன்.

"அப்பா, உங்க காரை இடிச்சது நான்தான்" என்றாள் பெரியவள்.

கூட்டம் சிரித்தது. பிறகு அவள் எப்படி இடித்தாள், எந்த மரத்தில் இடித்தாள் என்பதைத்தான் நெடுநேரம் சொன்னாள். சின்னவள் பையோடு நின்றது, சிநேகிதி வீட்டில் தங்கிவிட்டு வரக் கிளம்பி நின்றதால். உண்மையைச் சொன்னதுக்காக உன்னை மன்னிக்கிறேன் என்று அப்பா படியில் உட்கார்ந்தார்.

"ஏண்டி, கார் இடிச்சதுக்கா இம்புட்டு அழுகாச்சி? எங்கப்பனா இருந்தா வெளக்கமாறு பிஞ்சிருக்கும்" என்று கவிப்பிரியா சிரித்தாள். திரும்பி என்னைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. "நீ எதுக்குடி அழுகுற?"

"காரமுங்க" என்றேன். அன்று தயிர்சாதம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா வாசலில் பனியன் வேஸ்ட் துணியால் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "ஏனுங்ப்பா" என்றேன். அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து, என் பக்கம் முழுசாகத் திரும்பினார்.

"சொல்லு கண்ணு."

அவசரப்படுத்தவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பார் போலிருந்தது. அப்பா இப்படி நின்று கேட்பார் என்று எனக்குத் தெரியாது, நான் ஒருநாளும் அவரிடம் எதையும் கேட்டதில்லை. உள்ளேயிருந்து தேஜஸ்ரீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது தெரிந்தது. எனக்குள் தேடினேன். இத்தனை வருஷம் பத்திரப்படுத்திய பேச்சின் இடத்தில் ஒரு காரும் ஒரு மரமும் நின்றன. 

"ஒண்ணுமில்லீங்ப்பா."

அவர் குனிந்து துணியை எடுத்தார்.  சமையலறையில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நீ பள்ளிக்கூடத்த உட்டு நின்னப்ப யாரு என்ன பேசுனா?" என்றாள், என்னைப் பார்க்காமல். அது வசவா, ஆறுதலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை தேஜஸ்ரீ என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். குழந்தைகள் டீசர்ட் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிசிறு வெட்டும் டிரிம்மரை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக் கொடுத்தேன், ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். முதல் பீஸை விரித்தவள், நெஞ்சில் அச்சடித்திருந்த இங்கிலீஷ் வரியைச் சத்தமாகப் படித்தாள்.

"அக்கா, கடலுக்குப் போலாம் வான்னு போட்ருக்குதுக்கா."

இத்தனை வருஷம் இந்த மாதிரி எழுத்துகளைச் சுற்றி நூல் வெட்டியிருக்கிறேன். அவை என்ன சொல்கின்றன என்று யாரிடமும் கேட்டதில்லை. "அட, புள்ள இங்கிலீசு படிக்குதுங்கோவ்!" என்று யாரோ சொல்ல, டேபிளே கை தட்டியது. தேஜஸ்ரீ வெட்கப்பட்டுச் சிரித்தாள். அடுத்த பீஸையும் படித்துக் காட்டினாள். அதற்கடுத்ததை எனக்கு மட்டும் கேட்கும்படி படித்தாள். அதே வரி. பண்டலில் எல்லாமே அதே வரி. கொஞ்ச நேரம் அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

டீ மணி அடிக்கும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் உதடு அசையவில்லை. கடல் என்று எழுதியிருந்த இடத்தை உள்ளங்கையால் ஒதுக்கிவிட்டு, தோள் தையலில் நீட்டிக்கொண்டிருந்த நூலைத் தேடிக்கொண்டிருந்தாள்.